தூங்குகிற நாய் போட்ட சட்டை

பதினெட்டு வருஷமாக என் மச்சான்மேல் எனக்கு ஒரு கடுப்பு. மெஷினில் எம்பிராய்டரி போடுவதுதான் அவன் தொழில். கம்பெனிச் சட்டை, ஆஸ்பத்திரிக் கோட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று அவன் கை படாத துணி கிடையாது. பக்கத்துச் சலூன்காரருக்குச் சட்டைப் பைக்கு மேலே கத்திரியும் சீப்பும் போட்டுக் கொடுத்தான். கடைக்கு மீட்டர் பார்க்க வந்த ஆளைக்கூட, சட்டை கிழிந்திருக்கிறது என்று கூப்பிட்டு உட்காரவைத்து, கிழிசல்மேல் ஒரு பறவை போட்டு அனுப்பினான். அவன் தங்கச்சியைக் கட்டிய எனக்கு மட்டும் ஒரு கைக்குட்டை மூலையில் ஒரு புள்ளி போட்டுத் தந்ததில்லை.

கேட்டால், "நீ வீட்டு ஆளு மாப்ளே, உனக்கு எதுக்கு விளம்பரம்?" என்பான்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்களுக்குள் வாடா போடாதான். அந்தக் கடையின் சட்டை மூட்டைகளைக் கம்பெனிகளில் கொண்டுபோய் இறக்குகிற வேன் டிரைவர் நான். மூட்டை ஏற்றப் போன இடத்தில் அவன் சாப்பாட்டு டப்பாவில் கை வைத்தேன். கையெடுக்க மனசில்லாமல் அந்த வீட்டு மாப்பிள்ளையே ஆனேன். கல்யாணத்துக்கு மறுநாள் 'டா' போய் 'மாப்ளே' வந்தது. சட்டை மட்டும் வரவில்லை.

அவன் போய் இது ஏழாவது மாதம். போனவனைக் குறை சொல்லாதே என்கிறாள் என் மனைவி. நான் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதுகிற மேஜைமேல் இரண்டு ஃபோன் கிடக்கிறது. ஒன்று என்னுடையது. மற்றதை இதுவரை எழுதியதற்குள்ளேயே இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

மச்சான் ஒரு இடத்தில் உட்காரமாட்டான். சாப்பிடும்போதுகூட தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் மெஷினுக்குமாக நடப்பான். நின்றால் வலது குதிகால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்தால் நமக்கும் ஏதோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தது மாதிரி இருக்கும். ஆனால் சட்டையை ஃப்ரேமில் மாட்டுகிற நேரம் மட்டும் அந்தக் கால் நிற்கும். அடியில் பேப்பரை வைத்து, நெஞ்சுப் பக்கத்துத் துணியை அதன்மேல் விரித்து, இரண்டு வளையங்களுக்கு நடுவே இறுக்கி, விரலால் ஒரு தட்டு தட்டுவான். தட்டினால் மேளத்தோல் மாதிரிச் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அவிழ்த்து மறுபடி மாட்டுவான்.

கடை என்றால் இரண்டு அறை. முன்னறையில் அயர்ன்காரரின் மேஜையும் கட்டிங் மாஸ்டரின் பலகையும். பின்னறையில் ஆறு தலை மெஷின். ஒரே வரிசையில் ஆறு தலை, ஆறு சட்டை. ஒன்று போடுகிற படத்தையே ஆறும் போடும். ஒரு தலையில் நூல் அறுந்தால் ஆறும் நின்றுவிடும். சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னாலேயே எந்தத் தலையில் அறுந்தது என்று சத்தத்தை வைத்துச் சொல்லுவான். வாசல்படியில் ஒரு நாய் குறுக்கே படுத்துக் கிடக்கும். யாருடைய நாய் என்று யாருக்கும் தெரியாது. முதலாளியம்மா உட்பட எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே வருவோம். அது கண்ணைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அவனுக்கு ஒரே ஒரு கூட்டாளி. லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் லிஃப்ட்காரர் என்போம். மச்சான் மட்டும் "மெக்கானிக்கு" என்பான். அவர் இவனை "நூலு" என்பார். இருவருக்கும் கூட்டு எப்படி வந்தது என்பதை மச்சான் நூறு தடவை சொல்லியிருக்கிறான். இருபத்தைந்து வயசில், தோளில் சட்டை மூட்டையோடு ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டில் ஏறினான். ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. விளக்கும் போயிற்று. சும்மாவே நிற்காத ஆள், இரண்டு மணி நேரம் அந்தப் பெட்டிக்குள். கதவைக் கையால் குத்திக் குத்தி முட்டியெல்லாம் ரத்தம். அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டதாம்: "இங்கதான் இருக்கேன். எங்கேயும் போகல. பேசிக்கிட்டே இருங்க."

இவனும் பேசினான். சொந்த ஊர், அப்பா அடித்தது, தங்கச்சி படிப்பு, நூல் நம்பர், எல்லாம். வெளியே வந்தபோது அந்தக் குரலுக்கு எண்ணெய் அப்பிய முகமும் பெரிய மீசையும் இருந்தன. "உன் கதையைக் கேட்டதுல ஸ்பேனரைக் கைதவறி விட்டுட்டேன்டா, இல்லன்னா ஒரு மணி நேரத்துல எடுத்திருப்பேன்" என்றாராம். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் இருவரும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். அதற்கப்புறம் கல்யாணம், வேறு வேறு வீடு. ஆனாலும் மத்தியானச் சாப்பாடு எங்கள் கடையில்தான். சாப்பிட்டதும் அயர்ன் மேஜையில் சீட்டுக் கச்சேரி: மச்சான், லிஃப்ட்காரர், அயர்ன்காரர், கட்டிங் மாஸ்டர், சலூன்காரர். நான் ஆடமாட்டேன், பின்னால் நின்று யாரிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று முகத்தால் காட்டிக்கொடுப்பேன். அதற்காகத் திட்டு வாங்குவேன். அப்படி உள்ளே மாட்டிக்கொண்ட நாளிலிருந்து மச்சான் லிஃப்ட்டில் மட்டும் ஏறியதில்லை. எத்தனை மாடியானாலும் படிதான்.

போன வருஷம் ஒரு நாள் லிஃப்ட்காரர் கருவிப் பையோடு கடைக்குள் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எந்த லிஃப்ட் நிக்குது?" என்று கேட்டார். தரைத்தளத்துக் கடை எங்களுடையது. சலூன்காரர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. "சரி பண்ணியாச்சு மெக்கானிக்கு, சாப்பிட வா" என்று கூட்டிக்கொண்டு போனான்.

அதற்குப் பத்து நாள் கழித்து அவர் காணாமல் போனார். காலையில் போனவர், சாயங்காலம் ஊரின் அந்தக் கோடியில் பஸ் டிப்போவில் உட்கார்ந்திருந்தார். வீடு எங்கே என்று கேட்டவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஏழு மணி நேரமும் மச்சான் என் வேனின் முன்சீட்டில் இருந்தான். ஒவ்வொரு சிக்னலிலும் கதவைத் திறந்து இறங்கி, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறுவான். பின்னால் வண்டிக்காரன் எல்லாம் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான்.

லிஃப்ட்காரர் வீட்டில் பகலில் ஆள் கிடையாது. மனைவி இல்லை. மகன் லாரியோடு போனால் பதினைந்து நாள். மருமகள் ஒரு ஃபேக்டரியில் வேலை. அந்தப் பெண்தான் கடைக்கு வந்து, அவர் சட்டையில் பெயரையும் ஃபோன் நம்பரையும் தைத்துத் தர முடியுமா என்று மச்சானைக் கேட்டது. சீட்டு எழுதிப் பையில் வைத்தால் எடுத்து எறிந்துவிடுகிறாராம். கையில் வளையம் மாட்டினால் அறுத்துவிடுகிறாராம்.

"யார் நம்பர் போடட்டும்? உன்னுதா?"

"என் நம்பரைப் போட்டா யாரும் எடுக்கமாட்டாங்க மாமா. ஃபேக்டரி கேட்டுலயே ஃபோனை வாங்கிப் பெட்டியில போட்டுடுவாங்க."

"அப்ப என்னுதைப் போட்டுடறேன். நான் எங்க போகப் போறேன்."

அன்றைக்கே உட்கார்ந்து போட்டான். வான நீலத்தில் ஒரு புதுச் சட்டை, இடது நெஞ்சில் கருநீல நூலில் அவர் பெயர், அதன்கீழே நம்பர். சுருக்கம் இல்லாமல், பின்பக்கத்துப் பேப்பர் உடம்பில் குத்தாதபடி சுற்றிலும் நறுக்கி, அதன்மேல் மெத்தென்று இன்னொரு துணி ஒட்டி. தன் கல்யாணச் சட்டைக்குக்கூட அவன் இப்படி மெனக்கெட்டிருக்கமாட்டான். மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம், உனக்குத்தான்டா, சும்மா ஆசைக்குப் போட்டேன் என்று நீட்டினான்.

லிஃப்ட்காரர் கண்ணாடியை மாட்டி, எழுத்து எழுத்தாகப் படித்தார். அப்புறம் சட்டையை மடித்தார். கடையில் மடிக்கிற மாதிரி, காலர் நிமிர்ந்து, கை உள்ளே போய், அவ்வளவு ஒழுங்காக. மேஜைமேல் வைத்தார்.

"நான் என்னடா பார்சலா, மேல விலாசம் ஒட்டறதுக்கு?"

சீட்டைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார். நாயைத் தாண்டும்போது கொஞ்சம் தடுமாறினார். அதற்கப்புறம் நான்கு நாள் கடைக்கு வரவில்லை. நல்ல நினைவு இருக்கிற நாளில் அவருக்கு எல்லாம் தெரிந்தது, அதுதான் தொந்தரவு. அந்த நான்கு நாளும் மச்சான் காலையிலும் மாலையிலும் அவர் தெருமுனையில் போய் நின்று, அவர் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். உள்ளே போகவில்லை. அவன் ரோஷம் அப்படி. அவர் ரோஷம் அதற்கும் மேலே.

ஐந்தாம் நாள் நான் மூட்டை ஏற்றப் போனபோது மெஷினில் ஆறு சட்டை மாட்டியிருந்தது. எல்லாம் சாம்பல் நிறம். ஒரே தாளத்தில் ஆறு ஊசி. நெஞ்சில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மேலே ஒரு அம்பு கீழே ஒரு அம்பு, லிஃப்ட் பட்டனில் இருக்குமே, அதே மாதிரி. கீழே அரைவட்டமாக அவன் ஃபோன் நம்பர். பெயர் கிடையாது. சீட்டாடுகிற ஐந்து பேருக்கும் ஒரே சட்டை என்றான். எல்லாரும் போட்டுக்கொண்டால் அது விலாசம் ஆகாது, கோஷ்டி ஆகிவிடும்; மெக்கானிக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது.

"ஆறு ஓடுதே மச்சான்?" என்றேன்.

"ஆறாவது தலை சும்மா ஓடக்கூடாதுல்ல. அது உனக்கு."

பதினெட்டு வருஷம் கழித்து எனக்குச் சட்டை வந்த அழகு இது. மிச்சம் விழுந்த தலைக்கு ஒரு நெஞ்சு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதிலும் யாரோ ஒருவருடைய அம்பு, இன்னொருவனுடைய நம்பர்.

அவன் கணக்கு தப்பவில்லை. நாங்கள் ஐந்து பேரும் ஒரே சட்டையில் இருப்பதை லிஃப்ட்காரர் பார்த்தார். அம்பைத் தடவிப் பார்த்தார். "இது எப்படா வந்தது புது யூனிஃபார்மு?" என்று கேட்டு, போட்டிருந்த சட்டையை அங்கேயே கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அதைக் கழற்றவைப்பதுதான் மருமகளுக்குப் பெரும்பாடு. மச்சான் அவருக்கு மட்டும் இன்னும் இரண்டு போட்டுக் கொடுத்தான்.

அடுத்த மாதம் முழுக்க மச்சானின் ஃபோன் அடித்தது. தெருவில் ஆறு பேர் அந்த நம்பரை நெஞ்சில் எழுதிக்கொண்டு திரிகிறோமே, பார்த்தவன் எல்லாம் லிஃப்ட் கம்பெனி என்று நினைத்துவிட்டான். நாலாவது மாடியில் நிற்கவில்லை, கதவு மூடவில்லை, உள்ளே ஒரு மாதிரி முனகுகிறது. மச்சான் ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய் எடுப்பான். ஹலோ என்று அவன் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கக்கூடாது. லிஃப்ட் ரிப்பேர் என்று தெரிந்ததும் மூச்சு விட்டு, "கொஞ்ச நாளைக்குப் படியில ஏறுங்க, உடம்புக்கு நல்லது" என்று சொல்லி வைப்பான். முதலாளியம்மா, எம்பிராய்டரி கடையில் யார் லிஃப்ட் ஆபீஸ் நடத்துகிறது என்று கேட்டுவிட்டார். எங்கள் ஐந்து பேர் சட்டையிலிருந்தாவது நம்பரைப் பிரித்து எடுத்துவிடலாம், தொல்லை குறையும் என்று நான் சொன்னேன். அவருடையதில் மட்டும் நம்பர் இருந்தால் மறுநாளே கண்டுபிடித்துக் கழற்றி எறிவார் என்றான். அது சரிதான்.

அப்போது எங்கள் யாருக்கும் தோன்றாத ஒன்று உண்டு. அந்தச் சட்டை பார்க்க நிஜ யூனிஃபார்ம் மாதிரி இருக்கிறது என்று பெருமைப்பட்டோமே தவிர, நிஜ யூனிஃபார்ம் எதற்கு என்று யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம், சீட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தாயிற்று, லிஃப்ட்காரர் மட்டும் வரவில்லை. மச்சான் இரண்டு தடவை வாசலுக்குப் போய்விட்டு வந்தான். மூன்றாவது தடவை போகும்போது ஃபோன் அடித்தது. ஏதோ அடுக்குமாடியின் வாட்ச்மேன். உங்கள் ஆள் மேலே போய் ஒன்றரை மணி நேரம் ஆகிறது, லிஃப்ட் அப்படியே நிற்கிறது, குடியிருக்கிறவர்கள் சத்தம் போடுகிறார்கள், எப்போது முடியும் என்று கேட்டான்.

"எந்த ஆளு? மேலன்னா எங்க?"

"மெஷின் ரூம்லதான். சாவி கேட்டாரு, குடுத்தேன். உங்க கம்பெனிச் சட்டைதானே போட்டிருக்காரு, நம்பரை அதுலேருந்துதான் குறிச்சேன்."

போகிற வழியெல்லாம் மச்சானின் கால் என் வேனின் தரையைக் குத்திக்கொண்டே வந்தது. மெஷின் ரூம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும், லிஃப்ட்காரர் சொல்லிக் கேட்டிருக்கிறான்: மொட்டைமாடியில் ஒரு அறை, மோட்டார், சுற்றுகிற சக்கரம், தரையில் கம்பிக் கயிறு இறங்குகிற ஓட்டை. தவறிக் கை வைத்தால் கை இருக்காது. வழியில் ஒரு பள்ளிக்கூடப் பஸ் குறுக்கே நின்றது. அவன் இறங்கி ஓடலாமா என்று கதவில் கை வைத்தான். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

பன்னிரண்டு மாடி. லிஃப்ட் நின்றிருந்தது, ஓடியிருந்தாலும் அவன் ஏறியிருக்கமாட்டான். ஐம்பத்தெட்டு வயசு ஆள் இரண்டிரண்டு படியாக ஏறினான். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே ஏறினேன். பதினொன்றாவது மாடியிலேயே மேலேயிருந்து குரல் கேட்டது. அமைதியான குரல்.

"இங்கதான் இருக்கேன். எங்கேயும் போகல. பயப்படாதீங்க, பேசிக்கிட்டே இருங்க."

லிஃப்ட் காலி, உள்ளே யாரும் இல்லை என்று வாட்ச்மேன் கீழேயே சொல்லியிருந்தான். மெஷின் ரூம் கதவு திறந்திருந்தது. லிஃப்ட்காரர் மண்டிபோட்டு, கயிறு இறங்குகிற ஓட்டைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக் கீழே பேசிக்கொண்டிருந்தார். மெயின் ஸ்விட்சை முதலில் அணைத்திருக்கிறார். அந்தப் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை, அதனால் பிழைத்தார். மோட்டார் மூடியைக் கழற்றியிருக்கிறார். திருகாணிகள் எல்லாம் சட்டைப் பையில், அம்புக்குக் கீழே கனத்துத் தொங்கின. அதற்கப்புறம் என்ன செய்வது என்பது மறந்துபோயிருக்கிறது.

மச்சான் வாசலிலேயே நின்றான். நின்றவன் அங்கிருந்தே, "பேசறேன், கேக்குதா?" என்றான்.

அவர் நிமிராமல், "கேக்குது, கேக்குது. இன்னும் கொஞ்ச நேரம்" என்றார்.

அப்படியே பேச்சுக் கொடுத்து உள்ளே போனான். நூல் நம்பர் சொன்னான். கட்டிங் மாஸ்டர் இன்றைக்கு எத்தனை சட்டையைப் பாழாக்கினார் என்று சொன்னான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஹெல்ப்பர் வந்திருக்கேன், அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்டான். இருவருமாக மூடியை வைத்து, திருகாணியை ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்து மாட்டினார்கள். நான் கதவில் சாய்ந்துகொண்டு, வெளியே மொட்டைமாடியில் காய்கிற துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது ஆறாவது மாடியில் மச்சான் படியில் உட்கார்ந்துவிட்டான். வேலையோ சீட்டோ இல்லாமல் அவன் தானாக உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை, கை நெஞ்சில். படியேறிய களைப்பு என்றேன். ஆமாம் என்றான். லிஃப்ட்காரர் இரண்டு படி கீழே நின்று, இந்தக் கட்டடத்துப் படி எல்லாம் உயரம் ஜாஸ்தி என்று சமாதானம் சொன்னார்.

"நானே சட்டை மாட்டி அனுப்பிவெச்சிருக்கேன் மாப்ளே" என்றான் மெதுவாக. "நானே சாவியைக் கையில குடுத்த மாதிரி."

மறுநாள் எல்லார் சட்டையையும், மருமகளிடம் சொல்லி லிஃப்ட்காரருடைய மூன்றையும், வாங்கிக்கொண்டான். பின்பக்கம் திருப்பி, சின்ன பிளேடால் அம்பை நூல் நூலாக வெட்டி எடுத்தான். எம்பிராய்டரியைப் பிரிப்பது போடுவதைவிடப் பத்து மடங்கு வேலை. அவசரப்பட்டால் துணி கிழியும். பிரித்த இடத்தில் ஊசித் துளை அப்படியே நிற்கும். அதை மூட அதைவிடப் பெரிய படம் வேண்டும். ஆனால் எந்த வாட்ச்மேனும் அதைப் பார்த்துக் கதவைத் திறக்கக்கூடாது. பூ போட்டால் அவர் போடமாட்டார். புலி போட்டால் பாதுகாப்புக் கம்பெனி என்பான். ஸ்பேனர் போட்டால் கதை திரும்ப முதலிலிருந்து. மச்சான் இரண்டு நாள் பின்னறைக்கும் வாசலுக்கும் நடந்தான். ஒவ்வொரு தடவையும் அந்த நாயைத் தாண்டினான். மூன்றாம் நாள் தாண்டப் போனவன், காலைத் தூக்கியபடியே நின்று அதைப் பார்த்தான்.

கம்ப்யூட்டரில் அதை வரைய ஐந்து நாள் எடுத்தான். முதல் மாதிரியைப் பழந்துணியில் ஓட்டிப் பார்த்தபோது, "இது நாயா, அவிழ்ந்த மூட்டையா?" என்றார் கட்டிங் மாஸ்டர். தையல் ஓடுகிற திசையை மாற்றினான். முதுகில் ஒரு பக்கம், வயிற்றில் ஒரு பக்கம் என்று நூல் படுத்ததும் மூச்சு விடுகிற நாய் ஆகிவிட்டது. பழுப்பில் மூன்று நூல், காதுக்கு மட்டும் கறுப்பு. பழைய நம்பர் அப்படியே கீழே.

முதலில் ஆளுக்கு ஒன்றாக ஆறு சட்டையை மாட்டினான். அன்றைக்கு அவனுக்கு உடம்பு சரியில்லை, அடிக்கடி தோளைத் தேய்த்துக்கொண்டான். ஃபோன் வேறு அடித்தது. லிஃப்ட் முனகுகிற கேஸ்தான். ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்து, பாதியில் விட்ட ஆறாவது ஃப்ரேமை இறுக்கினான். மெஷின் ஓடி முடிந்து சட்டையை எடுத்தால், நெஞ்சும் முதுகும் சேர்ந்து வருகிறது. முதுகுத் துணி மடங்கி ஃப்ரேமுக்கு அடியில் போனதைக் கவனிக்காமல் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தப்பு. இருபது வருஷமாக மற்றவர்களைச் சொல்லிச் சிரித்த தப்பு.

ஆறாவது யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

"தலை நுழையற வழி இருக்கான்னு பாரு மாப்ளே" என்று அயர்ன்காரர் அதை என் கையில் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தான், ஆனால் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதை மறுபடி பிரித்து மறுபடி போட்டான். அதனால் என் சட்டையில் மட்டும் முதுகிலும் ஊசித் துளை உண்டு, நாய் வடிவத்தில். மழையில் போனால் அந்த இடம் முதலில் நனைகிறது.

லிஃப்ட்காரர் போடுவாரா என்பதுதான் கவலை. நாங்கள் ஐந்து பேரும் போட்டுக்கொண்டு சீட்டைக் கலைத்தபடி, அவர் முகத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வாசலில் நாயைத் தாண்டினார். எங்கள் நெஞ்சைப் பார்த்தார். திரும்பி நாயைப் பார்த்தார்.

"இந்தச் சோம்பேறிக்கா இவ்வளவு மரியாதை?" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

அதற்கப்புறம் எந்த வாட்ச்மேனும் அவருக்குச் சாவி கொடுக்கவில்லை. தூங்குகிற நாயைப் போட்டுக்கொண்டு வந்து மெஷின் ரூம் கேட்கிற ஆளை எவன் மேலே விடுவான்? நிறுத்தி உட்காரவைத்து, நம்பரைப் பார்த்து ஃபோன் பண்ணினார்கள். நாய் விற்பீர்களா என்று கேட்டும் சிலர் பண்ணினார்கள். இரண்டு தடவை நிஜமான ஃபோன் வந்தது. முதல் தடவை மச்சானே போய்க் கூட்டிவந்தான். இரண்டாவது தடவை அவன் டாக்டரிடம் போயிருந்ததால் என்னைப் போகச் சொன்னான். டிப்போ பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னை யாரென்றே தெரியாமல் பார்த்தார். எழுந்து வரமாட்டேன் என்றார். அன்றைக்கு நான் வேறு சட்டை. வேனில் சீட்டுக்கு அடியில் கிடந்த நாய்ச் சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டு மறுபடி போனேன். என் நெஞ்சைப் பார்த்தார், தன் நெஞ்சைப் பார்த்தார். "நம்ம ஆளா? முதல்லயே சொல்றதுக்கென்ன" என்று எழுந்து வந்தார்.

மச்சானுக்கு இதயத்தில் அடைப்பு என்று தெரிந்தது அந்த டாக்டரிடம்தான். ஆபரேஷன் என்றார்கள். தேதி குறித்தார்கள். படியேறியதால் வந்ததல்ல, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம்.

ஆபரேஷன் நாள், காலை எட்டு மணி. தியேட்டர் நாலாவது மாடியில். தள்ளுவண்டியில் படுக்கவைத்து லிஃப்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மச்சான் எழுந்து உட்கார்ந்து, படியில் நடந்தே வருகிறேனே என்று நர்ஸைக் கேட்டான். அந்தப் பெண் சிரித்து, படுங்கள் பெரியவரே என்றது. லிஃப்ட்காரரும் மருமகளோடு வந்திருந்தார், நாய்ச் சட்டை போட்டுக்கொண்டு. எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்கு எவ்வளவு தெரியுமோ தெரியாது. லிஃப்ட் கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், சுவரில் காதை வைத்துக் கேட்டார். "நல்ல மோட்டார். ஏறுடா நூலு, நான் இருக்கேன்" என்றார். முப்பத்து மூன்று வருஷம் கழித்து மச்சான் லிஃப்ட்டில் ஏறினான்.

மேலே போனதும் வாட்சையும் மோதிரத்தையும் கழற்றித் தங்கச்சியிடம் கொடுத்தான். அவள் அழுததைத் திட்டினான். போர்வைக்கு அடியில் குதிகால் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஃபோனைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடினான்.

"இதை அணைச்சுடாதே மாப்ளே. தெரியாத நம்பரா இருந்தாலும் எடு. லிஃப்ட் ரிப்பேர்னாலும் எடு, நாய் வேணும்னாலும் எடு. நிஜமா அவனா இருந்தா, முதல்ல, 'அங்கேயே இருக்கச் சொல்லுங்க, வர்றேன்'னு சொல்லு. எந்த இடம்னு அப்புறம் கேளு. போகும்போது உன் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போ."